மணிக்கூண்டுக்குத் திரும்பும் வல்லூறுகள்: வருவது அதே இணைதானா?

கேள்வி, 5 மார்ச் 2022

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மணிக்கூண்டுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் அதே இரண்டு வல்லூறுகள் திரும்பி வந்து கூடு கட்டுகின்றன என்றும், அவை வாழ்நாள் முழுவதும் ஒரே துணையோடு வாழ்பவை என்றும் படித்தேன். அண்மையில் ஒரு வாரம் காணாமற்போன பெண் பறவை மீண்டும் வந்துவிட்டதை இதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். இது சரிதானா?

6 மார்ச் 2022

இந்தக் கூற்றில் மூன்று செய்திகள் இருக்கின்றன: திரும்பி வருதல், கூடு கட்டுதல், ஒரே துணை. எதுவும் முழு உண்மையன்று.

முதலில் திரும்பி வருதல். இவை பொரி வல்லூறுகள் (peregrine falcon). இந்த இனத்தில் ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரிப்பவை குளிர்காலத்தில் தென்னமெரிக்கா வரை பறந்து சென்று மீள்கின்றன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் வல்லூறுகளுக்கு அந்த அவசியம் இல்லை. இரை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, குளிரும் பெரிதாக இல்லை. ஆன்னி என்ற பெண்ணையும் கிரின்னல் என்ற ஆணையும் நவம்பரிலும் மணிக்கூண்டின் மேல் காணலாம். வசந்தத்தில் மாறுவது அவை நடந்துகொள்ளும் விதம்தான். பகல் நீளும்போது உடலில் இனப்பெருக்கச் சுரப்பிகள் விழிக்கின்றன; ஆண் இரையைக் கொண்டுவந்து வானத்திலேயே பெண்ணுக்குக் கைமாற்றுகிறது; இரண்டும் தாம் முட்டையிடும் சரளைத் தட்டில் எதிரெதிரே தலை தாழ்த்தி நின்று ஒலியெழுப்புகின்றன. பார்க்கும் நமக்கு அது புதிதாக வந்திறங்கியதைப் போலத் தோன்றுகிறது.

அடுத்து, கூடு. இந்தப் பறவைகள் ஒரு சுள்ளியைக்கூட எடுத்து வைப்பதில்லை. மலைப்பாறையின் விளிம்பில் இருக்கும் மண்ணையோ சரளையையோ மார்பால் அழுத்தி, கால்களால் பின்னுக்குத் தள்ளி ஒரு பள்ளம் செய்கின்றன, அவ்வளவுதான். 2017இல் இந்த இணை முதன்முறையாக முட்டையிட்டபோது மணிக்கூண்டின் விளிம்பில் கிடந்த மணல்மூட்டைகளே கிடைத்தன. பிறகுதான் மனிதர்கள் அங்கே சரளை நிரப்பிய தட்டு ஒன்றை வைத்தார்கள். நகரத்து விளிம்புகளின் பெருங்குறை இதுதான்: உயரம் இருக்கும், இரை இருக்கும், எதிரி இருக்காது, ஆனால் வெறும் கல்லிலும் சிமெண்டிலும் முட்டை உருண்டுவிடும், மழைநீர் தேங்கும். மாண்ட்ரியலின் சன் லைஃப் கட்டடத்துக்கு 1936இல் வந்த வல்லூறுகளின் கதையும் இதேதான். அவற்றைக் கவனித்துவந்த ஹார்ப்பர் ஹால் 1940இல் சரளை பரப்பிய பெட்டி ஒன்றை அங்கே வைத்த பிறகுதான் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன.

துணையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

12 மார்ச் 2022

துணை பற்றி. சென்ற அக்டோபர் 29 அன்று வேற்று வல்லூறுகள் தாக்கியதில் கிரின்னல் அலகிலும் சிறகிலும் காயம்பட்டுக் கிடந்தது. வனவிலங்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நவம்பர் 17 அன்று விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த மூன்று வாரத்துக்குள் வேறோர் ஆண் மணிக்கூண்டுக்கு வந்து ஆன்னியிடம் காதல் நடனம் ஆடத் தொடங்கிவிட்டது. ஆன்னி அதை விரட்டவில்லை. கிரின்னல் திரும்பி வந்து தன் இடத்தை மீண்டும் பிடித்துக்கொண்டது. பிறகு பிப்ரவரியில் ஆன்னி காணாமற்போனபோது கிரின்னல் தன் பங்குக்கு வேறு பெண்களை வரவேற்றது. இரு தரப்பிலும் கணக்கு நேராயிற்று என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

நகைச்சுவையை விட்டுவிட்டுப் பார்த்தால், இதில் ஒரு சட்டம் தெரிகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனியே அந்த விளிம்போடு பிணைந்திருக்கின்றன. இரண்டும் உயிரோடிருந்து, இரண்டும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதவரை, ஆண்டுதோறும் அங்கேயே சந்திக்கின்றன. அதை நாம் தாம்பத்தியம் என்று எழுதுகிறோம். ஆன்னி திரும்பியது கிரின்னலுக்காக என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இடத்துக்காக என்று சொல்ல நிறைய இருக்கிறது.

13 மார்ச் 2022

அதே கோபுரத்தில் 61 மணிகள் கொண்ட இசைக்கருவி ஒலிக்கிறதே, பறவை எப்படித் தாங்குகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் நின்றுவிடும் ஓசையால் தீங்கில்லை என்பதை அவை விரைவில் கற்றுக்கொள்கின்றன. தலைக்கு மேலே ஓசையே இல்லாமல் பறந்துபோகும் பருந்துக்குத்தான் ஆன்னி சீறிப் பாயும். இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சற்று வெளியே என்றாலும்: இந்த மணிக்கூண்டின் கீழ்த்தளங்களில் லா பிரெயா தார்க்குட்டைகளிலிருந்து எடுத்த பனியுகத்து எலும்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கீழே அழிந்துபோன விலங்குகள், மேலே அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட பறவை.

2 ஏப்ரல் 2022

நேற்று முன்தினம், மார்ச் 31 அன்று, கிரின்னல் பெர்க்லி நகரின் மையத்தில் இறந்து கிடந்தது. வாகனம் மோதியிருக்கலாம் என்கிறார்கள். அடைகாக்க முட்டைகள் இருக்கும் வேளை இது. அதே நாளில், சில மணி நேரத்துக்குள், புதிய ஆண் ஒன்று மணிக்கூண்டில் தோன்றி ஆன்னியின் முன் தலை தாழ்த்தியது.

ஆன்னிக்கு நாமே இரை வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அக்கறை புரிகிறது. அடைகாக்கும் பொழுதில் கணிசமான பங்கை ஆண்தான் ஏற்கிறது, இரையில் பெரும்பகுதியும் அதனுடையது. ஆகவே தனித்துவிட்ட பெண் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லது முட்டைகளைக் குளிரவிட்டு வேட்டைக்குப் போக வேண்டும். ஆனால் நாம் விளிம்பில் போய் இரை வைத்தால் முதலில் நடப்பது அவள் நம்மைத் தாக்குவது. அடுத்து நடப்பது புதிய ஆண் அஞ்சி ஓடுவது. அந்த முட்டைகளுக்கு இப்போது உள்ள ஒரே நம்பிக்கையே அந்தப் புதியவன்தான்.

3 ஏப்ரல் 2022

"சில மணி நேரத்தில் எங்கிருந்து வந்தது?" என்பதுதான் நேற்றையதற்கு வந்த மறுகேள்விகளில் நல்ல கேள்வி. இறந்த செய்தி பறவைகளுக்கு எப்படிப் போயிற்று என்று வியக்க வேண்டியதில்லை. எந்த வல்லூறுக் கூட்டத்திலும் வளர்ந்த, உடல்நலமுள்ள, ஆனால் சொந்த விளிம்பு இல்லாத பறவைகள் பல உண்டு. அவை பிறர் எல்லைகளின் ஓரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது உள்ளே வந்து உரிமையாளர் இருக்கிறாரா என்று பார்க்கும். இருந்தால் அடிவாங்கிக்கொண்டு போகும். ரயில் முன்பதிவின் காத்திருப்போர் பட்டியலைப் போன்றது இது. ஓர் இருக்கை காலியான நொடியில் அடுத்தவர் ஏறிவிடுகிறார். அக்டோபரில் கிரின்னலைத் தாக்கியவையும் இந்தப் பட்டியலில் இருந்தவையாகவே இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல் காலியாக இருந்த காலமும் உண்டு. அதைச் சொன்னால்தான் இப்போது நடந்ததன் பொருள் புரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அது பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கும் ஏறியது. ஏறும் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடியது. வல்லூறு உடனே சாகவில்லை. உடலில் டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ, முட்டையோட்டைச் சுரக்கும் சுரப்பிக்குச் சுண்ணாம்பு போய்ச் சேர்வதைத் தடுத்தது. ஓடு மெலிந்தது, அடைகாக்க அமர்ந்த தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. பிரித்தானியாவின் டெரெக் ராட்கிளிஃப், அருங்காட்சியகங்களிலும் தனியாரிடமும் சேர்ந்திருந்த பழைய முட்டையோடுகளை எடைபோட்டு, 1940களின் பிற்பாதியிலிருந்து ஓடு மெலிந்துவந்ததை 1967இல் காட்டினார். அதற்குள் மிசிசிப்பிக்குக் கிழக்கே அமெரிக்காவில் கூடுவைக்கும் வல்லூறு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1970இல் கலிபோர்னியா முழுவதிலும் அறியப்பட்டிருந்த இணைகள் இரண்டு. அன்று ஒரு பெண் துணையை இழந்திருந்தால் சில மணி நேரத்திலென்ன, சில ஆண்டுகளிலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அதனால் புதிய ஆணின் வருகையை ஆன்னியின் இரக்கமின்மைக்குச் சான்றாக எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது கூட்டத்தின் நலத்துக்குச் சான்று.

9 மே 2022

இரண்டு குஞ்சுகள் பொரிந்திருக்கின்றன. புதிய ஆணுக்கு ஆல்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தான் வருவதற்கு முன்பே இடப்பட்டிருந்த முட்டைகளின் மேல் அது முறையாக அமர்ந்தது. இப்போது இரை கொண்டுவருகிறது.

இது தியாகமா, ஏமாளித்தனமா என்று நடக்கும் விவாதத்தில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். வல்லூறு தன் முட்டையை அடையாளம் காண்பதில்லை. தன் விளிம்பில் இருப்பது தன்னுடையது, அவ்வளவுதான். இந்தக் "குறை"தான் இந்த இனத்தை மீட்டது. கலிபோர்னியாவில் சாந்தா குரூஸைச் சேர்ந்த இரைகொல்லிப் பறவை ஆய்வுக் குழுவினர் பாறைகளில் கயிற்றில் இறங்கி, மெலிந்த ஓடுள்ள முட்டைகளை எடுத்துக்கொண்டு பொய்முட்டைகளை வைத்துவிட்டு வந்தார்கள். உண்மை முட்டைகளை அடைகாப்புக் கருவியில் பொரிக்கவைத்து, பிறகு குஞ்சுகளைக் கொண்டுபோய் அதே பள்ளத்தில் வைத்தார்கள். நேற்றுவரை அசையாத பொருளின் மேல் உட்கார்ந்திருந்த தாய், திடீரென வாய் திறந்து கத்தும் குஞ்சுகளைக் கண்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் ஊட்டத் தொடங்கியது. கிழக்குக் கரையில் பால்டிமோரில் ஓர் உயர்ந்த அலுவலகக் கட்டடத்தில் குடியேறிய ஸ்கார்லெட் என்ற பெண் வல்லூறும் இப்படித்தான் மனிதர்கள் தந்த குஞ்சுகளை வளர்த்தது. அந்தப் பகுதியில் வெளியிட்ட பறவைகளை வளர்த்துக் கொடுத்தது, பறவையியலாளர் டாம் கேட் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெரெக்ரின் நிதியம்.

1972இல் டிடிடி தடை, இந்த வளர்ப்புப் பணி, இரண்டும் சேர்ந்துதான் 1999 ஆகஸ்டில் பொரி வல்லூறு அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினப் பட்டியலிலிருந்து நீங்கியது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சற்று எரிச்சல் வரும்.

19 ஜூன் 2022

குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்டன. பொரிந்து சுமார் ஆறு வாரத்தில் இது நடக்கும். எடை குறைந்த ஆண் குஞ்சுகள் முந்திக்கொள்ளும். முதற்பறப்பைவிட முதல் இறக்கம்தான் கடினம். பாறையில் தவறினால் சரிவில் விழலாம். நகரத்தில் எதிரே கண்ணாடி நிற்கிறது. 2017இன் இரு குஞ்சுகளுக்கு, "ஒளி உண்டாகட்டும்" என்று பொருள்படும் பல்கலைக்கழக முழக்கத்தைப் பிரித்து ஃபியட், லக்ஸ் என்று பெயரிட்டார்கள். லக்ஸ் அருகிலிருந்த கட்டடத்தின் சன்னலில் மோதி இறந்தது. பொதுவாக முதல் பிறந்தநாளைக் காண்பவை பாதிக்கும் குறைவே.

தன்னார்வலர்கள் கூட்டமாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த புல்வெளியில் நானும் நின்றேன். ஒரு குஞ்சு கூரையின் ஓட்டில் வழுக்கி, சிறகால் சமாளித்து, யாரும் பார்க்கவில்லையே என்பதைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டது. கீழே பைனாகுலர்கள் எல்லாம் அதன் மேல்தான் இருந்தன.

27 நவம்பர் 2022

ஆல்டனை இம்மாதம் காணவில்லை. யார் வருவார் என்று ஊகிக்க வேண்டாம்.

16 மார்ச் 2023

வந்திருப்பவர் லூ. சென்னையிலிருந்து ஒருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். அவர் ஊரில் உயர்ந்த கோபுரம் ஒன்றில் குளிர்காலம் முழுவதும் வல்லூறு ஒன்று அமர்ந்து புறா பிடிக்கிறதாம். இங்கே முட்டையிடும் வசந்தத்தில் அங்கிருந்து அது மறைந்துவிடுகிறதாம். ஏன் இந்தத் தலைகீழ்?

தமிழ்நாட்டின் நகரங்களில் அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலுக்குள் போய்விடுபவை, பெரும்பாலும் வட ரஷ்யத் துந்திரத்தில் குஞ்சு பொரிக்கும் துணையினத்தவை. அவற்றின் சொந்த விளிம்பு அங்கே, உருகும் பனிக்கு மேலே இருக்கிறது. சென்னைக் கோபுரம் அவற்றுக்கு உணவு விடுதி மட்டும்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழ்வது வேறு துணையினம்: ஷாஹீன் வல்லூறு, சற்றுச் சிறியது, வயிற்றில் செம்மை படர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளிலும் சிகிரியாக் குன்றிலும் அது கூடுவைக்கிறது. அதன் பருவம் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆக "வசந்தத்தில் திரும்புதல்" என்பது வட அட்சக்கோட்டு வழக்கம். குஞ்சுக்கு அதிக இரை தேவைப்படும் வாரங்கள், சுற்றுப்புறத்தில் இளம் பறவைகளும் வலசைப் பறவைகளும் மிகுந்திருக்கும் வாரங்களோடு பொருந்த வேண்டும் என்பதே எங்குமுள்ள விதி. ஆண்டெல்லாம் கிடைக்கும் மாடப்புறாவை மட்டும் நம்பியிருந்தால் பருவமே தேவைப்பட்டிருக்காது.

28 மே 2024

இந்த ஆண்டு நான்கு குஞ்சுகள், தந்தை ஆர்ச்சி. லூவும் போய்விட்டது. ஆன்னிக்கு இது நான்காவது துணை. சன் லைஃப் கட்டடத்தின் பெண் 1936 முதல் 1952 வரை அந்த ஒரே விளிம்பில் வாழ்ந்து மூன்று துணைகளைக் கண்டது. மேலே எழுதியபோது அதைச் சேர்க்க விட்டுப்போயிற்று.

இந்த விளிம்பை இணையத்தில் காட்டும் நேரலைக் கேமராக்களைப் பற்றி 2022இல் சிலர் குறைசொன்னபோது நான் பாதி ஒத்துக்கொண்டேன்: ஒவ்வொரு முட்டைக்கும் பதற்றப்படும் ஆயிரக்கணக்கானோரை அவை உருவாக்குகின்றன என்பது உண்மை. இப்போது வேறொரு பக்கம் தெரிகிறது. கீழிருந்து பைனாகுலரில் பார்த்தால் ஆல்டனையும் லூவையும் ஆர்ச்சியையும் வேறுபடுத்துவது எனக்கு இயலாது. கேமரா இல்லாதிருந்தால், 2017 முதல் இந்த மணிக்கூண்டில் ஒரே இணைதான் வாழ்கிறது என்று நான் மனமறிந்து பொய் சொல்லாமலே உங்களுக்கு எழுதியிருப்பேன். உலகெங்கும் "இருபது ஆண்டாக அதே இணை" என்று சொல்லப்படும் பழைய குறிப்புகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ. கால்வளையம் இருந்தால் பேச்சு வேறு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கட்டடத்தில் 2002 முதல் 2015 வரை வாழ்ந்த டாரதி, 1999இல் மில்வாக்கியில் பொரிந்தது என்பதும், அங்கே அது எரி, ஈ-2 என்ற இரண்டு ஆண்களோடு 43 குஞ்சுகளைப் பறக்கவிட்டது என்பதும் ஊகமல்ல. கடைசியில் அதன் இடத்தை ஹோப் என்ற இன்னொரு பெண் பிடித்துக்கொண்டது. பெண்களும் மாறுகிறார்கள்.

வளர்ந்த குஞ்சுகள் பிறந்த விளிம்புக்குத் திரும்புமா என்றும் கேட்டிருந்தார்கள். பொதுவாக இல்லை, பெற்றோர் அங்கே இருக்கிறார்களே. 2018இல் இங்கே பொரிந்த லாரன்சியம் என்ற பெண் அல்காட்ராஸ் தீவின் பாறையில் கூடுவைத்திருக்கிறது. 2020இன் செகோயா சான் ஹோசே நகரமன்றக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னது சிறைத்தீவு, பின்னது அரசு அலுவலகம். இரண்டுக்கும் நாம் போவதென்றால் தயங்குவோம்.

9 பிப்ரவரி 2025

ஜனவரி முதல் ஆன்னியைக் காணவில்லை. 2022இன் ஒரு வார மறைவு மனத்தில் இருந்ததால் யாரும் அவசரப்பட்டு முடிவு சொல்லவில்லை. இப்போது இறந்துவிட்டதாகவே கொள்கிறார்கள். நீர்ப்பறவைகளை உண்பதால் வல்லூறுகளுக்கும் பறவைக் காய்ச்சல் தொற்றுகிறது என்பதால் அதன் மேல் ஐயம் விழுந்திருக்கிறது. உடல் கிடைக்காதவரை அது ஐயமாகவே இருக்கும்.

ஆர்ச்சி விளிம்பில் இருக்கிறது. நான் இத்தனை காலம் இங்கே வாதிட்டு வந்தது சரியென்றால், காத்திருக்கும் பெண்களில் ஒன்று விரைவில் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளவில்லையென்றால் அது ஆன்னியின் சாவைவிடப் பெரிய செய்தி.

16 பிப்ரவரி 2025

வரும் பெண் எதுவானாலும் மகிழ்ச்சிதானே, ஏன் கவலையோடு எழுதுகிறீர்கள் என்று கேட்டவருக்கு: வருவது எந்த வயதுப் பறவை என்பதைப் பாருங்கள். முதிர்ந்த வல்லூறின் முதுகு நீலச் சாம்பல், வயிற்றில் குறுக்குக் கோடுகள், கண்ணைச் சுற்றி மஞ்சள். ஓராண்டு நிறையாததன் முதுகு பழுப்பு, மார்பில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள். கண்ணைச் சுற்றியுள்ள தோல் நீலம் கலந்து வெளிறியிருக்கும், வயது ஏற ஏற மஞ்சளாகும். வழக்கமாக இரண்டு வயதில்தான் இவை முட்டையிடத் தொடங்கும். நல்ல விளிம்புக்குப் போட்டி கடுமையாக இருக்கும் காலத்தில் பழுப்பு முதுகுப் பறவை உள்ளே கால்வைக்கவே முடியாது. முதிர்ந்தவை அடித்து விரட்டிவிடும். அப்படிப்பட்ட பறவை ஆர்ச்சியின் அருகில் தடையின்றி உட்கார்ந்திருப்பதைக் கண்டால், வெளியே காத்திருந்த முதிர்ந்த பெண்கள் குறைந்துவிட்டன என்று பொருள். இரைகொல்லிப் பறவைகளின் எண்ணிக்கை சரிவதை, கூடுகளின் எண்ணிக்கை குறைவதற்கு முன்பே, கூடுவைப்பவற்றின் வயது காட்டிவிடும். ஆகவே இந்த மாதம் கேமராவில் முட்டையைத் தேடாதீர்கள். முதுகின் நிறத்தைப் பாருங்கள், காலில் வளையம் இருந்தால் அதன் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள், நாளையும் நேரத்தையும் சேர்த்து இங்கே எழுதுங்கள்.